வீராணமும் தொட்டிக் கணக்கும்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள். கோபம் வந்தால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கோடை வந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் செய்தித்தாள்களில் ஒரு சின்னக் கட்டம் வரும். மேட்டூர் இத்தனை அடி, கீழணை இத்தனை அடி, வீராணம் இத்தனை அடி. அதற்குக் கீழே, சென்னைக் குடிநீருக்கு வினாடிக்கு இத்தனை கன அடி. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் டீக்கடையில் பேப்பரை விரித்தால் அரசியல் செய்திக்கு முன்னால் இந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். ஏரியில் தண்ணீர் இறங்க இறங்கப் பேச்சு சூடாகும்.

இந்த வருடமும் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. என்னிடம் படித்த தம்பி ஒருவர், இப்போது விவசாயிகள் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார், போன் செய்தார். "சார், சென்னைக்கு ஒரு சொட்டு கூடக் கொடுக்கக் கூடாதுன்னு எழுதுங்க. நீங்க எழுதினா நாலு பேர் கேப்பாங்க" என்றார். அதே வாரம், என்னிடம் படித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் இன்னொரு தம்பி கேட்டார்: "சார், குடிக்கிற தண்ணிக்குக் கூடவா நம்ம ஊர்ல கணக்குப் பாக்குறாங்க?"

இருவருமே நல்ல பிள்ளைகள். இருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிடப் பொதுவில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. குடிக்கிற தண்ணீருக்கும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சென்னைக்கு ஒரு சொட்டு கூடக் கூடாது என்பதும் என் கருத்து இல்லை.

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு வேலைக்கு வந்தவன். பெரிய படிப்பு கிடையாது. ஆனால் தொட்டிக் கணக்கை எத்தனை வருடம் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் 4 மணி நேரத்தில் காலி செய்யும். நிறைந்த தொட்டியில் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எப்போது காலியாகும்? விடை 12 மணி நேரம். பிள்ளைகள் விடையைச் சரியாகப் போட்டுவிடுவார்கள். அதில் இருக்கும் பாடம் வேறு. தண்ணீர் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனாலும் தொட்டி காலியாகிறது. வருவதைப் பார்த்து நிம்மதியாக இருப்பவனுக்குக் காலியாவது தெரியாது.

இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் நீடித்த வளர்ச்சி, சூழல் எல்லை, பருவநிலை மாற்றம் எல்லாமே இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன். அதை எங்கள் ஏரியை வைத்தே சொல்கிறேன்.

வீராணம் சோழர் காலத்து ஏரி. பராந்தக சோழனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி. "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, வந்தியத்தேவன் குதிரையில் வந்து சேரும் முதல் இடமே இந்தக் கரைதான். முழு மட்டம் 47.50 அடி. கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி. இதை நம்பிப் பாசனம் பெறும் நிலம் 44,856 ஏக்கர் என்று எழுதுவார்கள். கொள்ளிடத்தில் கீழணையில் இருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வரும். மழைக்காலத்தில் அரியலூர்ப் பக்கத்திலிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாகவும் வரும். கீழணைக்குத் தண்ணீர் வர மேட்டூர் திறக்க வேண்டும். மேட்டூர் நிறையக் குடகில் மழை பெய்ய வேண்டும், கர்நாடகம் விட வேண்டும். இவ்வளவு கை மாறித்தான் எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது.

2004 முதல் இந்த ஏரியில் இன்னொரு குழாய் திறந்திருக்கிறது. புதிய வீராணம் திட்டம். ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் சென்னைக்குப் போவதற்காகப் போட்டது. ஏரியிலிருந்து எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் போகிறது. என் வயதுக்காரர்களுக்கு அதற்கும் முந்தைய திட்டம் தெரியும். சாலையோரம் ஆள் நின்றாலும் தலை இடிக்காத சிமெண்ட் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. அதற்குள் குடும்பம் நடத்தியவர்களும் உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். 18 கோடி லிட்டர் வீதம் வருடம் முழுக்க எடுத்தால் 6,570 கோடி லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,832 கோடி லிட்டர். ஆக வருடத்துக்கு 2.3 டி.எம்.சி. ஏரியின் கொள்ளளவே ஒன்றரைதான். ஏரி வருடத்தில் ஒரு முறைக்கு மேல் நிரம்பும் என்பதால்தான் இது நடக்கிறது. நிரம்பாத வருடத்தில்? நாற்றங்காலா, நகரத்துக் குடமா என்ற கேள்வி வரும். குடிநீருக்கே முதலிடம் என்பது நாட்டின் நீர்க் கொள்கை. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தாகத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் மண்ணில் கிடையாது.

ஆனால் சென்னைக்குத் தண்ணீர் எங்கெங்கிருந்து வந்தது என்ற வரலாற்றை ஒரு முறை பாருங்கள்.

1772-இல் ஏழு கிணறு. கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர். அது போதாமல் 1870-களில் சோழவரம், செங்குன்றம். அதுவும் போதாமல் 1944-இல் பூண்டி. பிறகு கிருஷ்ணா நீர். ஆந்திர அரசோடு 1983-இல் ஒப்பந்தம், 1996-இல் முதல் தண்ணீர். ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும் என்பது பேச்சு, பெரும்பாலான ஆண்டுகளில் அதில் பாதி வந்தாலே பெரிது. பிறகு 2004-இல் வீராணம். வீராணம் வறண்ட ஆண்டுகளில் நெய்வேலிப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள். 2010-இல் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2013-இல் நெம்மேலி. 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதுவும் வேலூர் மாவட்டத்துக்காக மேட்டூரிலிருந்து கொண்டு போன காவிரித் தண்ணீர்தான்.

250 வருடக் கதை இது. ஒவ்வொரு முறையும் நகரம் தன் எல்லையை முட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எல்லையைக் கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லியிருக்கிறோம். பக்கத்து வயல்காரர் இரவோடு இரவாக வரப்பை நகர்த்தினால் அவர் நிலம் பெருகிவிட்டது என்று ஊரில் யாராவது சொல்வார்களா? நிலம் அதே அளவுதான். நகர்ந்தது வரப்பு. இழந்தவர் வேறொருவர்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். எல்லையைத் தொட்டவுடன் அதை அடுத்தவர் தலைமேல் நகர்த்துவதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்துவிட்டோம். நகர்த்துவதற்கு இடம் இருந்த வரை அது வளர்ச்சி மாதிரியே தெரிந்தது. இப்போது இடம் தீர்ந்துகொண்டு வருகிறது.

"சென்னையில் மழையே இல்லை சார், வேறு என்ன செய்வது" என்பார்கள். அதையும் பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 59,000 கோடி லிட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 21 டி.எம்.சி. மாநகரத்துக்கு ஒரு நாளைக்கு விநியோகம் ஏறத்தாழ 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 13 டி.எம்.சி. வானத்திலிருந்து விழுவது 21, வேண்டியது 13. விழுவதையெல்லாம் பிடிக்க முடியாது. ஆவியாகும், ஓடும், சாக்கடையில் கலக்கும். மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குள்ளும் ஏரிக்குள்ளும் போனால் 7 டி.எம்.சி. வீராணத்திலிருந்து எடுப்பதைப் போல மூன்று மடங்கு.

அந்த மழை எங்கே போகிறது? 2015 டிசம்பர் 1-ஆம் தேதி எங்கே போனது என்று உலகமே பார்த்தது. வீட்டுக்குள் போனது. அடையாறு ஓரத்தில் முதல் மாடி வரை போனது. 2015-இல் வெள்ளத்தில் மிதந்த அதே ஊர்தான் 2019-இல் ரயிலில் தண்ணீர் வாங்கியது. நடுவில் நான்கே வருடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் மிதந்தது. என் மகள் வீடு பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில். இரண்டு நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை, பேரப்பிள்ளைகளுக்குப் பால் இல்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

பள்ளிக்கரணை என்பது ஊரின் பெயராக இருப்பதற்கு முன்னால் ஒரு சதுப்பு நிலம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் வந்து தங்குமிடம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது என்கிறார்கள். 2022-இல் அதை ராம்சர் தலமாக அறிவித்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். மீதி இடத்தில் குப்பைமேடும் கட்டடங்களும் சாலைகளும். அந்த நிலம் சும்மா கிடந்தது என்று நினைத்துக் கட்டினோம். அது மழைக்காலத்தில் வாங்கிக் கோடையில் கொடுக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சம்பளம் வாங்காத வேலைக்காரர் என்பதால் யாரும் பதிவேட்டில் எழுதவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் சென்னையில் கிணற்று மட்டம் ஏறியது. அப்போது கட்டிய தொட்டிகளில் எத்தனை இன்று மண் மூடிக் கிடக்கின்றன என்று சென்னை நண்பர்கள் தங்கள் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்க்கலாம். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்தப்படுத்தித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். இரண்டும் சேர்ந்தால் 9 கோடி லிட்டர், வீராணத்துக் குழாயில் பாதி. கழிவுநீர் என்று முகம் சுளிக்கிறோமே, பாதி வீராணம் அதிலேயே இருக்கிறது. இப்படி நாலு இடத்தில் செய்தால் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் மிஞ்சும்!

"கடல் இருக்கே சார், எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமே" என்பவர்களும் உண்டு. 2024-இல் நெம்மேலியில் இரண்டாவது ஆலை, நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர். பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை வேலை நடக்கிறது. அவசரத்துக்கு அவை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறத்தாழ மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். 18 கோடி லிட்டருக்கு மட்டும் நாளொன்றுக்கு 5.4 லட்சம் யூனிட்டுக்குக் குறையாது. நம் நாட்டில் அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. நிலக்கரியை எரித்தால் புவி சூடாகும், மழை தாறுமாறாகும், ஏரி வறளும், ஏரி வறண்டால் இன்னொரு ஆலை வேண்டும். உப்பு மிகுந்த கழிவுநீரோ மறுபடி கடலுக்கே போகும். அங்கே மீன்பிடிப்பவரைக் கேட்டால் அவர் பக்கத்துக் கணக்கைச் சொல்வார். வரப்பு இப்போது கடலுக்குள் நகர்ந்திருக்கிறது.

இதுவரை படித்த எங்கள் பக்கத்து நண்பர்கள் கைதட்டியிருப்பீர்கள். இனிமேல்தான் நமக்கு.

நாமும் எல்லையை நகர்த்துகிறோம். நகரம் பக்கவாட்டில் நகர்த்துகிறது, நாம் கீழ்நோக்கி நகர்த்துகிறோம். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் அடிபம்பை நாலு அடி அடித்தால் தண்ணீர் வரும். இன்று அதே தெருவில் போர் போடுகிறவர் "இன்னும் கொஞ்சம் இறக்கலாமா அய்யா?" என்று கேட்கிறார். 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். சிறு விவசாயியைக் காப்பாற்றிய திட்டம் அது, அதை எடுக்கச் சொல்பவன் நான் இல்லை. ஆனால் மோட்டாரைப் போட்டுவிட்டு டவுனுக்குப் போய்விடுகிறோமே, தண்ணீர் வரப்பு மீறி வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கிறதே, அது எந்தத் திட்டத்தில் வருகிறது? கடலோரப் பக்கம் போனால் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது என்று ஊர் ஊராகச் சொல்கிறார்கள். நல்ல தண்ணீரை உறிஞ்சிய இடத்துக்குக் கடல் வருகிறது. வெற்றிடத்தை இயற்கை சும்மா விடாது என்பது அறிவியல் பாடம்.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நமக்கு வர வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆனது. குறைந்தது 14.75. அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக 4.75 டி.எம்.சி. மற்றொன்று, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று 10 டி.எம்.சி. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நகரத்தின் தாகம் 4.75, நம் காலுக்குக் கீழே இருக்கும் நீர் 10. சென்னைக்கும் நமக்கும் நடக்கும் வழக்கேதான் பெங்களூருக்கும் நமக்கும் நடந்திருக்கிறது. நம் காலுக்குக் கீழே இருப்பதையும் நம் பங்கில் எழுதிவிட்டார்கள். நாம் அதை உப்பாக்கிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

எனவே "ஒரு சொட்டு கூடக் கூடாது" என்ற தம்பிக்குச் சொல்கிறேன். நமக்கும் மேட்டூருக்கு மேலே யாரோ ஒருவர் அதே வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை நாம் ஏற்பதில்லை. நாம் ஏற்காத நியாயத்தை நமக்குக் கீழே இருப்பவரிடம் பேச முடியாது. கடைமடையில் இருப்பவர் கேட்க வேண்டியது பங்கீட்டுக் கணக்கு. கதவை அடைக்கும் பேச்சு ஒரு நாள் நமக்கே திரும்பி வரும்.

கொஞ்சம் உலகத்தையும் பார்த்துவிடலாம்.

காற்று மண்டலமும் ஒரு தொட்டிதான். தொழிற்புரட்சிக்கு முன்னால் அதில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மரமும் கடலும் உறிஞ்சுகிற குழாய் சின்னது, நாம் திறந்துவிட்ட குழாய் பெரியது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் சூழலைப் பற்றிப் பேசக் கூடின. 1987-இல் புருண்ட்லாண்ட் அம்மையாரின் குழு நீடித்த வளர்ச்சிக்கு விளக்கம் தந்தது: வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது. 2009-இல் அறிவியலாளர்கள் பூமிக்கு ஒன்பது எல்லைகள் என்று பட்டியல் போட்டார்கள். 2023-இல் மறுபடி அளந்து, அதில் ஆறைத் தாண்டிவிட்டோம் என்றார்கள். 2024-ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. அந்த 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்றுதான் 2015-இல் பாரிசில் ஒப்புக்கொண்டார்கள்.

அங்கேயும் நம் வரப்புக் கதைதான். நிலக்கரியையும் பெட்ரோலையும் இருநூறு வருடம் எரித்துப் பணக்காரர் ஆன நாடுகள் ஒரு பக்கம். கடல் ஏறினால் முதலில் முழுகும் தீவுகளும் நம்மைப் போன்ற டெல்டாக்காரர்களும் மறு பக்கம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருடம் பெய்வதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில். அந்த ஊர்க்காரர் எரித்த நிலக்கரி எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

"ஒன்றும் செய்ய முடியாது, மனிதன் திருந்த மாட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லையை ஒத்துக்கொண்டு நின்ற நேரங்களும் உண்டு. ஓசோன் படலத்தில் ஓட்டை என்று தெரிந்ததும் 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, பிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த அந்த வாயுக்களை நிறுத்த ஒப்புக்கொண்டன. இன்று ஓசோன் படலம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. பிரிட்ஜ் நின்றுவிட்டதா? இல்லை. வேறு வாயுவில் ஓடுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2020-இல் நம் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. 2023-இல் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதியும் இருந்தது. வீராணத்துக்குப் பக்கத்து நிலம். ஊர் பேசியது, சட்டமன்றம் பேசியது, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு சமூகம் "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்லி, அதை எழுத்திலும் வைக்க முடியும் என்பதற்கு இது நம் கண் முன்னால் நடந்த சாட்சி.

அப்படியானால் வீராணத்துக்கு என்ன எழுதி வைக்க வேண்டும்? என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, பற்றாக்குறைப் பங்கீடு. ஏரி இத்தனை அடிக்கு இறங்கினால் பாசனத்துக்கு எவ்வளவு, சென்னைக்கு எவ்வளவு என்பதை நிறைந்த ஏரியின் கரையில் உட்கார்ந்து, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். வறண்ட ஏரியில் பேசினால் பலம் உள்ளவர் சொல்வதுதான் பங்கீடாகும்.

இரண்டாவது, ஏரிக்குத் திருப்பிக் கொடுப்பது. சென்னையில் தண்ணீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கு, எவ்வளவு சிறிதானாலும், ஏரியில் தூர் வாரவும் வடவாற்றுக் கரையைப் பலப்படுத்தவும் வர வேண்டும். வெள்ளக் காலத்தில் உபரி திறக்கும்போது முழுகுவது எங்கள் கிராமங்கள். கோடையில் தண்ணீர் போவது சென்னைக்கு. லாபமும் நட்டமும் ஒரே கணக்கில் வர வேண்டும்.

மூன்றாவது, சென்னை தன் மழைக்கும் தன் கழிவுநீருக்கும் முதலில் கணக்குக் காட்ட வேண்டும். இந்த ஆண்டு எத்தனை ஏரியை ஆழப்படுத்தினோம், எவ்வளவு மழை பிடித்தோம், எவ்வளவு கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்தினோம் என்று வருடா வருடம் வெளியிட வேண்டும். அதைச் செய்துவிட்டு மீதிக்கு எங்களிடம் வந்தால், எங்கள் பெண்டு பிள்ளைகள் குடத்தில் மொண்டு கொடுப்பார்கள்.

நான்காவது, நாம். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது பழக்கம்தானே தவிரப் பயிரின் தேவை கிடையாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் தண்ணீரில் கணிசமாக மிச்சமாகும், மகசூல் குறையாது என்பதை வேளாண் துறையும் சொல்கிறது, செய்து பார்த்த விவசாயிகளும் சொல்கிறார்கள். தேங்கிய வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும், அதுவும் புவியைச் சூடாக்கும் வாயுதான். சம்பா அறுவடைக்குப் பிறகு உளுந்தும் பயறும் பனியிலேயே விளைந்துவிடும். அதை விட்டுவிட்டு போர் தண்ணீரில் இன்னொரு நெல் போடுவது யாருக்கு லாபம் என்று ஒவ்வொருவரும் தன் நோட்டில் எழுதிப் பார்க்கலாம். உளுந்துக்கு நல்ல விலை கொடுத்துக் கொள்முதல் செய்தால் விவசாயி தானே மாறுவார். விலை தராமல் உபதேசம் மட்டும் செய்தால் மாற மாட்டார். இதை அரசாங்கத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

"வளர்ச்சியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று யாராவது கேட்பீர்கள். என் மாணவர்களில் பாதிப் பேர் சென்னையில் இருக்கிறார்கள். அந்த நகரம் வளர்ந்ததால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நகரம் அழிய வேண்டும் என்று நினைக்க நான் யார்? வீட்டுச் செலவு கூடினால் நாம் என்ன செய்கிறோம்? வரவைக் கூட்டப் பார்க்கிறோம், வீண் செலவைக் குறைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெட்டியைத் திறப்பதில்லை. பேரப்பிள்ளை பெயரில் கடன் வாங்கிக் கல்யாண விருந்து வைப்பதும் இல்லை. வீட்டுக்குத் தெரிந்த இந்த நியாயம் நாட்டுக்கும் பொருந்தும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை உண்டு. போகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நான்கே கேள்வி கேளுங்கள். நம் ஊரில் எத்தனை குளம், எத்தனை ஏரி, பதிவேட்டில் எவ்வளவு, தரையில் எவ்வளவு? நம் ஊரில் எத்தனை போர், எத்தனை அடி? போன மழையில் எவ்வளவு தண்ணீர் பிடித்தோம்? இந்தக் கோடைக்கு எவ்வளவு வேண்டும்? நகரத்து நண்பர்கள் இதே நான்கு கேள்வியை உங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் யாராவது அளந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் ஊர்க் கணக்கு கிடைத்தால் எனக்கும் எழுதி அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்த மாட்டேன். ஓய்வு பெற்றுவிட்டேன்.